ஊர்க்காவலன் யானைப் புத்தகம் வென்ற படலம்

வாழ்க ஊர்க்காவலன்! சிவகாசிச் சீமையின் அச்சுக்கூடங்களுள் நால்வண்ண யந்திரத்தைத் தனியொருவனாய் நின்று ஆளும் நாயகன் வாழ்க! மஞ்சளை அதட்டி, நீலத்தை நிமிர்த்தி, சிவப்பைச் செவி திருகி, கறுப்பைக் கட்டிப்போட்டு, மணிக்கு எட்டாயிரம் தாள் கக்கும் இரும்புப் பூதத்தை ஒற்றை விரலால் ஓட்டவும் நிறுத்தவும் வல்ல வீரன் வாழ்க! தமிழ்கூறு நல்லுலகத்துச் சுவர்களிலெல்லாம் ராகு காலமும் எமகண்டமும் பிசிறின்றித் தெரியக் காரணமான புண்ணியவான் வாழ்க! பெற்ற பிள்ளை கண்டதும் வீறிட்டு ஓடும் பெரும்பேறு பெற்ற தந்தையும் அவனே, வாழ்க, வாழ்க!

கடைசி வாழ்த்துக்கு மட்டும் சிறு விளக்கம் தேவைப்படும்.

ஆடிப் பதினெட்டுக்குப் புது மாதிரிப் படங்களின் ஆல்பம் வெளிவந்தால் மார்கழி முடியும்வரை சிவகாசியில் காலண்டர் சீசன். அந்த ஆறு மாதமும் நம் நாயகன் பிள்ளை விழிக்குமுன் புறப்பட்டு, பிள்ளை உறங்கியபின் திரும்பினான். ஆகவே ஒன்றரை வயது நிறைந்த தருண்குமார் என்னும் இளவரசனின் கணக்கில் அப்பா என்பது வாசலில் கிடக்கும் செருப்பு, ஆணியில் தொங்கும் மை படிந்த சட்டை, கழுவப்போட்ட தூக்குச்சட்டி, அவ்வளவே. தை பிறந்து, சீசன் தீர்ந்து, அந்தச் சட்டைக்குள் ஓர் ஆள் நுழைந்துகொண்டு பட்டப்பகலில் கூடத்தில் உட்கார்ந்து தன்னைப் பெயர் சொல்லியும் அழைத்தால் எந்தப் பிள்ளைதான் பொறுக்கும்? அவன் அலறினான். பால்காரர் தூக்கினால் சிரித்தான். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் மடியில் ஏறி அவருடைய பேனாவைப் பிடுங்கினான். பெற்றவன் மடியை மட்டும் அடுப்பாக நினைத்து விலகினான். நாற்பது டன் யந்திரத்தை நடுங்க வைத்த கைகள், பத்துக் கிலோ பிள்ளை கிடைக்காமல் வெறுமனே கிடந்தன. அது ஊர்க்காவலனுக்கு நிஜமாகவே வலித்தது.

இதைக் கண்ணுற்ற இல்லத்தரசி பானுப்பிரியா, குக்கர் மூடியைக் கையில் ஏந்தியவாறே திருவாய் மலர்ந்தாள்:

“பக்கத்து வீட்டு சுந்தரபாண்டி அண்ணன் பிள்ளைய மடியில வச்சு புக்குல படம் காட்டுறாக, நீங்களும் பாக்கத்தானே செய்றீக? விருதுநகர்ல புக்குத் திருவிழா போட்டிருக்காகளாம். கெட்டி அட்டையில இருக்கும்ல, பிள்ளைக கிளிக்க முடியாம, அதுல ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மடியில விரிச்சு வச்சா அவன் தானா வருவான்.”

தானா வருவான்! அச்சொற்கள் வீரனின் செவியில் தேனாய் இறங்கின. புத்தகம் தெரிந்தெடுக்க என்னைவிடத் தகுந்தவன் இத்தரணியில் எவன் என்று அவன் மீசையைத் தடவிக்கொண்டான். கோளாறே அங்கேதான் இருந்தது. தையல்காரன் கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணையா பார்க்கிறான்? அவள் ரவிக்கைத் தோள்பட்டையைத்தான் பார்க்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படை புறப்பட்டது. படை என்றால் அவனும் அவனுடைய பைக்கும். பிள்ளை தன்னோடு வண்டியில் ஏற மாட்டான் என்பதால் தாயையும் சேயையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, தலைக்கவசம் பூண்டு, திருத்தங்கல் கடந்து, ஆமத்தூர் கடந்து, எதிர்ப்பட்ட வேகத்தடைகள் அனைத்தையும் வென்று விருதுநகர் மாநகர் புகுந்தான். சட்டைப் பையில் அவனுடைய ஆயுதம் துயின்றிருந்தது. தீப்பெட்டி அளவில் மடங்கி, விரித்தால் நிமிர்ந்து நிற்கும் பித்தளை லென்ஸ். அச்சான தாளில் புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் ஒற்றன் அது. அதை வைத்துப் பார்த்து அவன் பாஸாக்கிய தாள்கள் கோடி. கசக்கி எறிந்த தாள்கள் அதற்குச் சற்றே குறைவு.

போர்க்களமோ தகரக் கொட்டகையின் பதினேழாம் எண் அரங்கு. அதன் காவலர் தனுஷ்கோடி, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னே நீண்ட மேசையில், பல் முளைத்தும் முளையாத வாசகப் பெருமக்களுக்காக, மூலை மழுக்கி, ஓரம் உருட்டி, பக்கத்துக்கு ஒரு படமும் படத்துக்கு ஒரு சொல்லுமாய்ச் சமைத்த அட்டைப் புத்தகங்கள் அணிவகுத்திருந்தன. பழங்கள் ஒரு பக்கம், பறவைகள் ஒரு பக்கம், வண்டிகள் ஒரு பக்கம், நடுவே விலங்குகளின் பெருஞ்சேனை. வரப்போவது யாரென்று அறியாமல் அத்தனையும் சிரித்துக்கொண்டிருந்தன.

உறையினின்று உருவினான் லென்ஸை.

முதற்பலி பழங்கள். தக்காளிப் பழத்தை ஒற்றைக் கண்ணால் உற்று நோக்கிய மாவீரன், “செவப்பு ஏறிப்போச்சு” என்று முழங்க, அப்புத்தகம் மேசையில் குப்புற வீழ்ந்தது. அடுத்துப் பறவைகள். மயிலின் தோகையில் லேமினேஷன் குமிழ் விட்டிருப்பதை நகத்தால் சுரண்டிக் கண்டறிந்து, “பசை காயறதுக்குள்ள வெட்டிட்டானுக” என்று தீர்ப்பளிக்க, மயில் மாண்டது. வண்டிகளில் பஸ்ஸின் பின்சக்கரத்தை வெட்டுக்கத்தி தின்றிருந்தது. காய்கறிகளில் கத்தரிக்காய், கலர் காணாமல் வெண்டைக்காயின் சாயலில் இருந்தது. எண்களில் மூன்று என்னும் இலக்கம் முதுகு வளைந்து, இரண்டு அட்டை ஒட்டிய மடிப்புக்குள்ளே போய்விட்டது. முகர்ந்து பார்த்தான், மடக்கிப் பார்த்தான், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான், காதருகே வைத்துத் தட்டியும் பார்த்தான். இத்தனை பார்த்தவன் ஒரு புத்தகத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

தனுஷ்கோடி கிரிக்கெட்டை நிறுத்தினார்.

“அண்ணாச்சி, பிள்ளைக்கு எத்தன வயசு?”

“ஒண்ணர.”

“ஒண்ணர வயசுப் பிள்ள லென்ஸு வச்சா பாக்கப்போகுது?”

இத்தகைய சிறுமதியாளர்களுக்கு மறுமொழி பகர்வது வீரர்க்கு அழகன்று. ஊர்க்காவலன் முப்பத்தெட்டாம் புத்தகத்தை எடுத்தான். கொட்டகைத் தகரம் கொதித்தது, வயிறு கூவியது, பக்கத்து அரங்கில் சோளப்பொரி மணந்தது, அவன் அசைந்தானில்லை. பகல் ஒரு மணிக்குள் விலங்குகளின் சேனையும் சரிந்து, வென்றவன் கையில் ஒரு புத்தகமும் இல்லாத அதிசய வெற்றி அவனுக்கு வாய்த்தது.

அவ்வேளையில் அரங்கினுள் புகுந்தாள் ருக்சானா. விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் தவுபிக்கின் மனைவி. அவள் இடுப்பில் ஒரு வயதும் நான்கு பல்லும் உடைய மகள். ருக்சானாவின் சோதனை முறை சாத்திரம் எதிலும் இல்லாதது. புத்தகத்தைப் பிரித்து மகள் முகத்துக்கு நேரே காட்டினாள். மகள் முகத்தைத் திருப்பினால் கீழே வைத்தாள். முதற்புத்தகம் கீழே போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதாக, வீரன் முன்னமே வீழ்த்திய ஒரு யானைப் புத்தகம். யானை குளிக்கிறது, யானை கரும்பு தின்கிறது, யானை தூங்குகிறது என்று ஆறு அட்டைகளில் ஒரு சாம்பல் நிற யானையின் அன்றாடம் அதில் விரிந்தது. மகள் இரு கைகளாலும் அதைப் பற்றி இழுத்து ஒரு மூலையை நறுக்கென்று கடித்தாள். ருக்சானா கடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, விரலில் சாயம் ஒட்டவில்லை என்று கண்டாள்.

“இது போதும்ணே, இதக் குடுங்க” என்றாள்.

மூன்று மணி நேரமாக ஒரு மேதை முடிக்காத காரியத்தை, இரண்டு நிமிடத்தில், நான்கு பல்லை நம்பி முடிப்பதா? தொழிலின் மானம் ஊர்க்காவலனின் நெஞ்சுக்குள் கொதித்தெழுந்தது. யாரும் கேட்காமலேயே முன்வந்து, யாரும் கேட்காமலேயே லென்ஸை உயர்த்தி, சோளப்பொரி தின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி அவன் முழங்கினான்:

“நில்லுங்கம்மா! இத வாங்கி ஏமாந்துறாதீக. அந்த யானைக்குக் கண்ணு எங்கன இருக்குன்னு பாருங்க. காதுகிட்டப் போயிருச்சு! நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு அச்சுப் பிசகாம உக்காரணும். இதுல கறுப்பு மட்டும் ஒரு நூலு தள்ளி நிக்குது. எல்லாப் பக்கத்துலயும்! இத அடிச்சவன் மெசின்ல நின்னுக்கிட்டே தூங்கியிருக்கான். பச்சப்பிள்ளைக பாக்குற பொருளுன்னு ஒரு நெனப்பு வேணாம்? அவனயெல்லாம் கையில வெலங்கு மாட்டி ரோட்டுல நடத்திக் கூட்டிட்டுப் போகணும்மா!”

கூட்டம் யானையை எட்டிப் பார்த்தது. ஆமாம், கண் கொஞ்சம் காதுப் பக்கமாகத்தான் இருந்தது. யானை அதைப்பற்றி வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர் “கலிகாலம்” என்றார்.

ருக்சானா மிரளவில்லை. பருப்பு வியாபாரியின் மனைவிக்குக் குற்றம் கண்டால் மூட்டையைப் புரட்டிப் பார்க்கத் தெரியும்.

“எங்க வீட்டுல பருப்புல கல்லு கெடந்தா மூடையில மில்லுப் பேரத்தான் மொதல்ல பாப்பாக. இதுலயும் அடிச்ச ஆளு பேரு இருக்கும்லண்ணே?” என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பினாள். மகளின் வாய் அதோடு கூடவே திரும்பியது. பின்னட்டையின் அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்ததை அவள் உரக்கப் படித்தாள். அச்சகத்தின் பெயர், சிவகாசி, போன அக்டோபர் மாதம்.

அந்தப் பெயரை இங்கே எழுதினால் ஒரு முதலாளி வருத்தப்படுவார். ஒன்று மட்டும் சொல்லலாம்: அதே பெயர் ஊர்க்காவலனின் சட்டைப் பையின் மேலும் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று வேறு நல்ல சட்டை அவனிடம் இல்லை.

ஆகா, அக்கணத்தில் வீரனின் முகம் இருந்த இருப்பை எப்படி உரைப்பது! அக்டோபர், காலண்டர் ஆர்டர் மலையாய்க் குவிந்த மாதம். இன்னொரு மெஷின்மேன் அம்மை வார்த்துப் படுத்துவிட, பதினாறு பதினாறு மணி நேரமாக அவன் ஒருவனே நின்றான். முருகனுக்கும் மாதாவுக்கும் மசூதிக்கும் நடுவே அவசர லோடு என்று ஏதோ ஒன்று செருகப்பட்டது. பக்கங்களெல்லாம் ஒரே தாளில், பாதி தலைகீழாக, சாம்பலாய் என்னவோ ஓடியது நினைவுக்கு வந்தது. அது யானை என்றுகூட அவன் அன்று பார்க்கவில்லை. மாதிரித் தாளில் ஓ.கே. என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் அவனேதான். தன்னுடையதைத் தனக்கே அடையாளம் தெரியாத விசித்திரம் அந்தக் குடும்பத்தில் தந்தைக்கும் மகனுக்கும் பொதுவாக இருந்தது.

முதலில் அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகுதான் மாதத்தைக் கணக்குப் பார்த்தான். பிள்ளை நடை பழகிய மாதம் அது. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது அவன் பார்த்துக்கொண்டிருந்தது இந்த யானையைத்தான். அதையும் சரியாகப் பார்க்கவில்லை. இந்தப் புத்தகம்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று அவனுக்குப் பட்டுவிட்டது.

“இதே புக்கு இன்னொண்ணு இருக்கா?” என்றான் தனுஷ்கோடியிடம்.

“அது ஒண்ணுதான் அண்ணாச்சி மிச்சம். மத்ததெல்லாம் நேத்தே போயிருச்சு. ஒருத்தரும் கண்ண அளந்து பாக்கல.”

இப்போது தொடங்கியது மெய்ப்போர். முன்னே நடந்ததெல்லாம் வெறும் தினவு.

“அந்தப் புக்க எனக்குக் குடுத்துருங்கம்மா” என்றான் நாயகன்.

“ஏன்ணே, இம்புட்டு நேரம் கொற சொன்னீக, வெலங்கு மாட்டணும்னீக. இப்ப நீங்களே கேக்கீக?”

“நீங்க வாங்கி ஏமாறக் கூடாதுல்ல, அதான்.”

பொய்யுரைத்தான் புவிகாத்த புண்ணியன். ருக்சானா புருவத்தை உயர்த்தினாள். தனுஷ்கோடி போனைப் பையில் போட்டுவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இதைவிடக் கிரிக்கெட்டில் என்ன இருக்கிறது? கூட்டம் காத்திருந்தது. எதிரிகளின் முன்னும் முதலாளியின் முன்னும் தலைகுனியாத ஊர்க்காவலன், தன் வாழ்நாளின் மாபெரும் பிரகடனத்தை, இருப்பதிலேயே சின்னக் குரலில் செய்தான்:

“அடிச்சது நான்தாம்மா. பிள்ள எங்கிட்ட வரமாட்டேங்கான். இதக் காட்டிக் கூப்பிட்டுப் பாக்கலாம்னு.”

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். ருக்சானாவும் சிரித்தாள், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“அப்ப நீங்களே எடுத்துக்கங்கண்ணே. எனக்கு அந்தப் பளம் புக்கு போதும். ஆனா எங்கிட்டக் கேட்டு என்ன செய்ய? இவகிட்டல்ல கேக்கணும்!”

உண்மை அதுதான். புத்தகத்தின் உடைமை தாயிடம் இல்லை. யானையின் துதிக்கை நான்கு பற்களின் பிடியில் இருந்தது. ஊர்க்காவலன் மெல்ல இழுத்தான், பற்கள் இறுகின. சற்றே பலமாக இழுத்தான். மகளும் கூடவே வந்தாள், தாயும் ஓர் அடி முன்னால் வந்தாள். சாதாரணப் புத்தகமாக இருந்திருந்தால் இந்நேரம் கிழிந்து இருவருக்கும் சமாதானம் ஆகியிருக்கும். பிள்ளைகளால் கிழிக்க முடியாதது என்பதல்லவா அதன் பெருமை! இரு தரப்பும் விடாது பற்ற, நடுவே கண் பிசகிய யானை கரும்பு தின்றுகொண்டே இருந்தது. தக்காளியைக் காட்டினான், சத்ரு சட்டை செய்யவில்லை. மயிலைக் காட்டினான், மூக்கால் உறுமினாள். பஸ்ஸைக் காட்டி “பீப் பீப்” என்று ஒலியெழுப்பிய அக்காட்சியைப் பிற்காலத்தில் அச்சக நண்பர்கள் எவரும் அறியாதிருப்பாராக! அவனை அண்ணாந்து பார்த்த சிறுமி, ஒரு சொட்டு எச்சிலை யானையின் முதுகில் விட்டாள். அதுவே அவள் மறுமொழி.

அப்போது தகரத்தின் ஓட்டை வழியே விழுந்த வெயிலில் அவன் கையிலிருந்த லென்ஸ் மின்னியது. சிறுமியின் கண்கள் அதன்மேல் சென்றன. பிஞ்சுக் கை நீண்டது. வாய் திறந்தது. யானை விடுதலையாகி மேசையில் தொப்பென்று விழுந்தது.

வீரன் ஆயுதத்தை ஒப்புக்கொடுத்தான். பதினொரு வருடம் அவன் சட்டைப் பையில் குடியிருந்த பித்தளை ஒற்றனை அவள் ஒரே கடியில் சோதித்து ஏற்றுக்கொண்டாள்.

“ஐயோ, அண்ணே, இது ஒங்க தொளில் சாமானுல்ல?” என்றாள் ருக்சானா.

“வச்சுக்கட்டும்மா. அதக் கையில வச்சிருந்தா எனக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது.”

இவ்வாறு, மூலையில் நான்கு பல் பதிந்த யானைப் புத்தகத்தைக் கைப்பற்றி, பசியோடும் புகழோடும் நாயகன் மீண்டான். வேகத்தடைகள் மறுபடியும் தோற்றன. வாசலில் எதிர்கொண்ட பானுப்பிரியா வெற்றிப் பொருளை வாங்கிப் புரட்டி, வரவேற்புரை ஆற்றினாள்:

“காலையில போன மனுசன் இப்பத்தான் வாறீக. அதுவும் யாரோ கடிச்சுப்போட்டத வாங்கிட்டு வந்திருக்கீக. கண்ணு வேற கோணயா இருக்கு!”

“அது அப்பிடித்தான் இருக்கும்” என்றான் ஊர்க்காவலன்.

கைகால் கழுவி, எச்சில் கறையைத் துடைத்து, கூடத்தின் நடுவே சம்மணமிட்டு அமர்ந்தான். மடியை விரித்தான். ஓ, அம்மடியின் மாண்பை என்னென்பது! அலைபாயாத மடி, அகன்ற மடி, ஆறு மாதம் ஆளின்றிக் கிடந்த மடி. அதன்மேல் யானைப் புத்தகம் முதற்பக்கத்தில் திறந்து கிடந்தது. அடுக்களை வாசலில், அம்மாவின் சேலையைப் பிடித்தபடி, ஒரு சிறு தலை எட்டிப் பார்த்தது.

“தருணு, இங்கன பாரு. யான. அப்பா அடிச்ச யான.”

பிள்ளை அழவில்லை. உலகு நிற்க! காற்று அடங்குக! குக்கரே, விசிலைப் பொறுத்துக்கொள்க! சேலையை விட்டான் செல்வன். ஓரடி வைத்தான். ஈரடி வைத்தான். இடையில் ஒரு முறை தன் பிட்டத்தின்மேல் விழுந்தெழுந்து, மீண்டும் நடந்து, ஆறு மாத அஞ்ஞாதவாசத்தின் எல்லையைக் கடந்து, எவன் மூச்சுவிடவும் அஞ்சி அமர்ந்திருந்தானோ அந்தத் தந்தையின் முழங்காலருகே வந்து நின்றான். குனிந்தான். யானையின் கண் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே அல்ல, எங்கே இருந்ததோ அங்கேயே சுட்டுவிரலை வைத்து, “கண்ணு” என்றான். ஊர்க்காவலனின் கண்கள் நிறைந்தன. முரசுகள் முழங்குக, சங்கங்கள் ஊதுக, சிவகாசியின் கிடங்குகள் யாவும் ஒருசேர வாண வேடிக்கை நிகழ்த்துக! இதோ தந்தையின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான் தனயன். இதோ பால்பற்கள் தெரியச் சிரித்தான். இதோ தாமரைக் கைகள் இரண்டையும் தந்தையை நோக்கி நீட்டினான். மண்ணும் விண்ணும் காத்திருந்த அம்மாபெரும் கணம் இதோ, இதோ, வந்தேவிட்டது!

தருண்குமார் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டான்.